ஒரே பெண், இரண்டு வகைப் படங்கள்: கார்டன் பார்க்ஸ், எல்லா வாட்சன், 1942

எல்லா வாட்சன் வாஷிங்டனில் ஓர் அரசு அலுவலகக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் பணியாளர். ஆண்டுச் சம்பளம் 1,080 டாலர். 1942இல் அங்கே இயங்கிய விவசாயப் பாதுகாப்பு நிர்வாகத்தின் புகைப்படப் பிரிவுக்கு, ஜூலியஸ் ரோசன்வால்ட் நிதிநல்கையுடன் கார்டன் பார்க்ஸ் என்ற 29 வயது கறுப்பினப் புகைப்படக்காரர் வந்து சேர்ந்தார். அந்தக் கோடையில் அவர் வாட்சனை அமெரிக்கக் கொடிக்கு முன்னால் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். புள்ளிபோட்ட உடை, மூக்குக் கண்ணாடி, ஒரு பக்கம் துடைப்பம், மறுபக்கம் மாப், பின்னால் செங்குத்தாகத் தொங்கும் கொடி. புகைப்பட வரலாற்றைப் படிக்கிற யாரும் அந்தப் படத்தைப் பார்க்காமல் தாண்டிப்போக முடியாது.

அதோடு அவர் நிறுத்தியிருந்தால் இந்த ஆய்வுக்கு வேலை இல்லை. அடுத்த சில வாரங்கள் பார்க்ஸ் வாட்சனுடனேயே இருந்தார். இரவில் ஆளில்லாத அலுவலகத்தைச் சுத்தம் செய்வது, வீட்டில் பேரக்குழந்தைகளுடன் இருப்பது, கடைக்குப் போவது, படுக்கையறையில் சாமி சிலைகள் அடுக்கிய அலமாரி, செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் நடந்த மலர் வழிபாடு எனத் தொடர்ச்சியாக எடுத்தார். எல்லாம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. எவரும் இணையத்தில் பார்க்கலாம்.

ஒரே புகைப்படக்காரர், ஒரே பெண், ஒரே பருவம். ஆனால் கொடிப் படம் சூழல் போர்ட்ரெய்ட், அதாவது ஆளை அவர் இடத்தில், அவர் பொருள்களோடு நிறுத்தி எடுப்பது; மற்றவை ஆவணப் படங்கள், நடப்பதை நடக்கிறபடி எடுப்பவை. இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிடச் சுத்தமான நிகழ்வு கிடைப்பது அரிது. லென்ஸும் இடமும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். பிரிவது இரண்டு கேள்விகளில்: ஃப்ரேமுக்குள் இருப்பதை யார் அடுக்கினார்கள்? அப்படி அடுக்கினார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரிகிறதா?

அந்தப் பிரிவுக்கு ஏற்கெனவே பட்ட சூடு

பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். வறட்சியும் பொருளாதார வீழ்ச்சியும் கிராமங்களை என்ன செய்தன என்று நாட்டுக்குக் காட்டுவதற்காக அரசு நடத்திய பிரிவு அது. அரசுப் பணத்தில் எடுக்கிற படம் என்பதால், ஒரு படம் பொய் என்று நிரூபணமானால் முழுத் தொகுப்பும் பொய் என்று எதிர்க்கட்சிகள் சொல்லிவிடும். 1936இல் அதுதான் நடந்தது.

அந்த ஆண்டு மே மாதம் தெற்கு டகோட்டாவில் பிரிவின் புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டைன் வெயிலில் வெளுத்துக் கிடந்த ஒரு மாட்டு மண்டையோட்டைப் பார்த்தார். வெடித்த களர் நிலத்தில் வைத்து எடுத்தார். பத்தடி போல நகர்த்திப் புல் இருந்த இடத்திலும் எடுத்தார். நிழல், தளத்தின் தன்மை, கோணம் என்று பார்த்துப் பார்த்துச் செய்த பயிற்சி. வெடித்த நிலத்துப் படம் பத்திரிகைகளில் வறட்சியின் சாட்சியாக வந்தது. அது தேர்தல் ஆண்டு. மண்டையோடு நகர்ந்திருக்கிறது என்று அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்த பத்திரிகைகள் கண்டுபிடித்து, அரசே வறட்சியை ஜோடிக்கிறது என்று எழுதின.

வறட்சி உண்மை. மாடு செத்ததும் உண்மை. ஆனால் படத்தைப் பார்ப்பவர் ‘இது இங்கே இப்படித்தான் கிடந்தது’ என்று எடுத்துக்கொள்கிறார். நகர்த்தியதற்கான தடயம் படத்தில் இல்லை, படக்குறிப்பிலும் இல்லை. தவறு அந்த இடைவெளியில் இருந்தது.

வாட்சன் கொடிக்கு முன் நிற்கும் படத்தில் அடுக்கி வைக்காத பொருளே இல்லை என்று சொல்லலாம். இருந்தும் அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. காரணம் வெளிப்படையானது. துடைப்பத்தையும் மாப்பையும் இருபுறமும் நிறுத்தி, கொடிக்கு நேர் நடுவில் யாரும் தற்செயலாக நிற்பதில்லை. அவர் கேமராவுக்காக நிற்கிறார் என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. மண்டையோடு பத்தடி நகர்ந்தது பொய்யானது. துடைப்பமும் மாப்பும் இடம் மாறியது பொய்யாகவில்லை.

கொடிப் படத்தைப் பிரித்துப் பார்த்தால்

பார்க்ஸ் வாஷிங்டனுக்கு வந்த புதிதில் ஸ்ட்ரைக்கர் அவரைக் கேமரா இல்லாமல் ஊருக்குள் அனுப்பினார்: ஒரு கோட் வாங்கு, ஓட்டலில் சாப்பிடு, சினிமா பார். நிறத்தைக் காரணம் காட்டி மூன்று இடத்திலும் அவரை நடத்தினவிதம் அவரைக் கொதிக்கவைத்தது. அந்தக் கோபத்தை எப்படிப் படமாக்குவது என்று அவர் கேட்டபோது, கட்டடத்தைத் துடைக்கும் அந்த அம்மாவிடம் போய்ப் பேசு என்றார் ஸ்ட்ரைக்கர். பார்க்ஸ் பேசினார். வாட்சன் தன் வாழ்க்கையைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கேமரா வெளியே வந்தது.

இந்த வரிசை முக்கியம். சூழல் போர்ட்ரெய்ட் என்பது ஆளைப் பற்றி எடுப்பவர் ஏற்கெனவே எட்டிய ஒரு முடிவைப் பொருள்களால் சொல்வது. முடிவு இல்லாமல் பொருள்களை அடுக்கினால் அது ஸ்டுடியோ அலங்காரம்தான். பார்க்ஸின் முடிவு: இந்த நாட்டின் கொடி இந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்தது? அதைக் கேட்க அவருக்கு மூன்று பொருள்கள் போதுமானதாக இருந்தன. மேஜை, பைல், ஜன்னல் எதுவும் ஃப்ரேமில் இல்லை. கொடி ஃபோகஸில் இருந்து விலகிச் சற்று மங்கலாக இருக்கிறது. வாட்சனின் முகமும் உடையின் புள்ளிகளும் கூர்மை. கொடியும் அதே கூர்மையில் இருந்திருந்தால் கண் கோடுகளுக்குப் போயிருக்கும், ஆளுக்கு வந்திருக்காது.

இந்தப் படத்துக்கு ‘அமெரிக்கன் கோதிக்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. கிரான்ட் வுட் 1930இல் வரைந்த, கவைக்கோலோடு நிற்கும் விவசாயியின் ஓவியத்தின் பெயர் அது. நூலகத்தின் பதிவிலோ வாட்சன் வெறும் ‘அரசுத் துப்புரவுப் பணியாளர்’. படத்தைப் பார்த்த ஸ்ட்ரைக்கர், நம் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்கிற அளவுக்குப் பயந்தார் என்று பார்க்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதே ஸ்ட்ரைக்கர்தான் அந்தப் பெண்ணோடு தொடர்ந்து வேலை செய் என்றும் சொன்னார். ஒரு படத்தொகுப்பாளர் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம் அது. போர்ட்ரெய்ட் எடுப்பவரின் கருத்தை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். வாட்சன் அந்தக் கருத்துக்குள் அடங்குகிறவரா என்று பார்க்க வீட்டுக்குப் போயாக வேண்டும்.

சமையலறைப் படம்

தொடரில் ஒரு படம் இருக்கிறது. ஒரு பாதியில் வாசல் வழியாகச் சமையலறை தெரிகிறது. அங்கே வாட்சன் மூன்று பேரக்குழந்தைகளோடு இருக்கிறார். மறு பாதியில் ஓர் அலமாரி, அதன்மேல் சட்டமிட்ட பழைய தம்பதிப் புகைப்படம். கண்ணாடியில் பிரதிபலிப்பாகத் தத்து மகள். மூன்று தலைமுறை ஒரே ஃப்ரேமில், மூன்று வெவ்வேறு ஆழங்களில். இதில் கொடி இல்லை, குற்றச்சாட்டு இல்லை. கொடிப் படத்தில் அவர் ஓர் உருவகம். இங்கே ஒரு குடும்பத்தைத் தாங்கி நிற்கிற மனுஷி.

தேவாலயப் படங்கள் இன்னும் தூரம் போகின்றன. ரோஜாக்கள் சூழ்ந்த புனிதநீர்ப் பாத்திரத்தில் போதகர் நின்று ஒவ்வொரு பூவாக ஆசீர்வதித்துக் கொடுக்கிற சடங்கு. வாட்சனுக்கு எண்ணெய் பூசுகிற தருணம். கொடிப் படத்தை மட்டும் பார்த்தவர் இந்தப் பெண்ணுக்கு இப்படி ஓர் உலகம் இருக்கும் என்று ஊகிக்கவே வழியில்லை. போர்ட்ரெய்ட்டின் எல்லை எது என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டினால் போதும்.

ஆனால் சமையலறைப் படம் ‘அவர்களுக்கே தெரியாமல் எடுத்தது’ என்று நினைக்க வேண்டாம். இந்தத் தொடர் 4×5 அங்குல ஷீட் ஃபிலிமில் எடுத்தது. ஒரு ஹோல்டரில் இரண்டு ஷீட்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஹோல்டரைச் செருகி, ஃபிலிமை மூடியிருக்கும் ஸ்லைடை உருவி, ஷட்டரை முடுக்கி, எடுத்து, ஸ்லைடைத் திரும்பச் செருக வேண்டும். அந்தக் காலத்து ஃபிலிமின் வேகத்துக்கு இருட்டான வீட்டுக்குள் ஃப்ளாஷ் பல்பு வேண்டும். ஒருமுறை எரிந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். இவ்வளவு சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் யாரும் மறைந்து எடுக்க முடியாது. அறையில் இருந்த எல்லோருக்கும் கேமரா இருப்பது தெரியும். ஆவணப் படத்துக்குத் தேவையானது மறைவு என்பது தவறான எண்ணம். கேமரா வந்ததால் நடக்காத ஒன்று நடந்ததா என்பதே சோதனை. குழந்தைகள் சாப்பிடுவதும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் பார்க்ஸ் போனாலும் போகாவிட்டாலும் நடந்திருக்கும். கொடிக்கு முன் நிற்பது பார்க்ஸ் இல்லாமல் நடந்திருக்காது.

இன்று இதையே செய்வதானால்

வேலையை நேராகப் பொருத்திப் பார்க்க அதே மாதிரியான ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்: இரவு ஷிஃப்டில் ஓர் அலுவலகத்தைச் சுத்தம் செய்கிற பணியாளர். பத்திரிகைக்கு ஒரு போர்ட்ரெய்ட்டும் ஆறேழு ஆவணப் படங்களும் வேண்டும்.

எதை முதலில் எடுப்பது? பார்க்ஸ் போர்ட்ரெய்ட்டை முதலில் எடுத்தார். அவருக்கு வாரக்கணக்கில் நேரம் இருந்தது. ஒன்றிரண்டு இரவு மட்டுமே இருந்தால் ஆவணத்தை முதலில் எடுப்பதே நல்லது. போர்ட்ரெய்ட்டில் தொடங்கினால், ‘நில், திரும்பு, இங்கே பார்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் நாம்தான். அதன்பின் பணியாளர் வேலை செய்யும்போதும் நம் முகத்தைப் பார்த்து உத்தரவுக்குக் காத்திருப்பார். மாப்பைத் தேவைக்கு மேல் மெதுவாக இழுப்பார், நின்று திரும்பிச் சிரிப்பார். அந்தப் பழக்கம் அன்று இரவு முழுக்கப் போகாது. முதல் மணி நேரம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சும்மா கூட நடப்பதே சிறந்த ஆரம்பம். 1948இல் லைஃப் பத்திரிகைக்காக கொலராடோவின் கிரெம்லிங் என்ற சிற்றூரில் ஒரு கிராமத்து மருத்துவரோடு 23 நாள் இருந்த யூஜீன் ஸ்மித்தின் படங்களில் யாரும் கேமராவைக் கண்டுகொள்வதாகவே தெரியாது. அதை வாங்கித் தந்தது நாள்கணக்கு.

ஆவணப் பகுதிக்கு 35 மிமீ லென்ஸ் ஒன்றே போதும். எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கும், கூர்மையின் ஆழம் கூடும்) வைத்து 3 மீட்டரில் ஃபோகஸைப் பூட்டினால், முழு ஃப்ரேம் கேமராவில் சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7.3 மீட்டர் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். ஆனால் இரவு அலுவலகத்தில் எஃப் 8 என்பது கனவு. எல்லா விளக்கும் எரிந்தால் எஃப் 4, 1/100 நொடியில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர் திறன்) 1000 முதல் 1600 வரை வரும். பாதி விளக்கை அணைத்தபின் 3200, 6400 என்று ஏறும். அதற்குப் பயந்து ஃப்ளாஷ் போட்டால் அறையின் நிஜ வெளிச்சம் போய்விடும். அரை இருட்டில் ஒரு பெண் தனியாக வேலை செய்கிறார் என்பதே விஷயம் என்னும்போது, இருட்டை அழிப்பது விஷயத்தை அழிப்பது. ஐஎஸ்ஓ ஏறிப் படத்தில் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

மிகவும் அடிக்கடி கெடுவது ஷட்டர் விஷயத்தில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/250 வைத்து எடுத்தால் ஒரு படம் பச்சையாக, அடுத்தது மஞ்சளாக, ஒன்று வெளிச்சமாக, ஒன்று மங்கலாக வரும். 1/50 அல்லது 1/100 வைத்தால் ஒரு முழு மினுங்கலாவது படத்துக்குள் வந்துவிடும், பிரச்சினை அடங்கும். (60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/125.) சத்தம் வேண்டாம் என்று சைலன்ட் எலெக்ட்ரானிக் ஷட்டருக்குப் போகிறவர்கள் மலிவு எல்இடி விளக்கின் கீழ் படத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுவதைப் பார்ப்பார்கள். கேமராவின் சின்னத் திரையில் அது தெரியாமல் போகலாம். முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு இருந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். அந்தச் சின்னச் சத்தத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

போர்ட்ரெய்ட்டுக்கு வரும்போது கணக்கே வேறு. இங்கே எதுவும் நகரப்போவதில்லை. எதை எவ்வளவு தெளிவாகக் காட்டுவது என்பதே கேள்வி. 35 மிமீ லென்ஸில் 2 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 2 மீட்டர் அகலம் ஃப்ரேமில் விழும்: ஓர் ஆள், ஒரு தள்ளுவண்டி, பின்னால் ஒரு சுவர். எஃப் 5.6 வைத்தால் 1.6 மீட்டரிலிருந்து 2.75 மீட்டர் வரை கூர்மை. எஃப் 11 வைத்தால் 1.3இலிருந்து 4.3 வரை. அதாவது ஆளுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் சுவரில் ஒரு பெயர்ப்பலகை இருந்தால், எஃப் 5.6இல் அது இருப்பது தெரியும், எஃப் 11இல் அதைப் படிக்கவே முடியும். அந்தப் பலகை படத்தின் பேச்சில் பங்கெடுக்கிறதா, வெறும் இரைச்சலா என்று முதலில் தீர்மானித்துவிட்டு அப்புறம் துளையைத் தீர்மானியுங்கள். ‘பின்னணி மங்கினால் அழகு’ என்று 85 மிமீ லென்ஸை எஃப் 1.8இல் திறந்து எடுத்தால், எந்த ஊரில் எந்த அறையில் எடுத்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். சூழல் போர்ட்ரெய்ட்டில் சூழலைக் காணோம். எதிர்ப்பக்கத் தவறு 20 மிமீ, 24 மிமீயில் ஆளை ஓரத்தில் நிறுத்துவது. முகம் பக்கவாட்டில் இழுபட்டு, கை மட்டும் பூதாகரமாகத் தெரியும். அகல லென்ஸ்தான் வேண்டும் என்றால் தலை நடுப்பகுதியில் இருக்கட்டும், கேமரா மார்பு உயரத்தில் சாயாமல் நேராக இருக்கட்டும்.

வெளிச்சத்துக்கு ஒரு சின்ன ஃப்ளாஷும் ஒரு வெள்ளைக் குடையும் போதும். குடையை முகத்திலிருந்து 1 மீட்டரில், 45 டிகிரி பக்கவாட்டில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். ஆள் சுவரிலிருந்து 2 மீட்டர் முன்னால் நின்றால் ஃப்ளாஷ் வெளிச்சம் சுவரை அடையும்போது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகிவிடும், மூன்று ஸ்டாப்புக்குச் சற்று அதிகம் குறைவு (ஒரு ஸ்டாப் குறைவது என்றால் வெளிச்சம் பாதியாவது). அறையின் விளக்கு சுவரைப் பார்த்துக்கொள்ளும், ஃப்ளாஷ் முகத்தைப் பார்த்துக்கொள்ளும். எஃப் 5.6, 1/100, ஐஎஸ்ஓ 800இல் தொடங்கினால் சாதாரண அலுவலகத்தில் அறை ஒன்றரை ஸ்டாப் போலக் குறைந்து விழும். முகம் முன்னுக்கு வரும். அறையை இன்னும் இருட்டாக்க 1/200 வரை போகலாம், அதற்கு மேல் பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷ் ஒத்துழைக்காது, மினுங்கலையும் கவனியுங்கள். நிறம் பொருந்தாமல் போவது அடுத்த சிக்கல்: 4000 கெல்வின் எல்இடி அறையில் வெறும் ஃப்ளாஷ் போட்டால் முகம் நீலமாகவும் சுவர் மஞ்சளாகவும் இருக்கும். ஃப்ளாஷில் அரை ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்) மாட்டி, கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 4000இல் கையால் வைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்துவிடும். கண்ணாடி அணிந்தவராக இருந்தால் குடையின் பிரதிபலிப்பு அந்தக் கண்ணாடியில் விழும். குடையை ஒரு சாண் உயர்த்தினாலோ, கண்ணாடிக் கால்களைக் காதுமேல் சற்றுத் தூக்கினாலோ போய்விடும்.

மூக்குக்கு மேலிருந்தும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் வெளிச்சம் ஆளைப் பற்றி வேறு வேறு சேதி சொல்லும் என்பதையும் மறக்கக் கூடாது. 1963இல் புகைப்படக்காரர் ஆர்னால்ட் நியூமன், நாஜிக் காலத்தில் அடிமை உழைப்பைப் பயன்படுத்தியதற்காக நியூரம்பெர்க்கில் 12 ஆண்டு தண்டிக்கப்பட்டு 1951இலேயே வெளியே வந்துவிட்ட தொழிலதிபர் ஆல்ஃப்ரீட் க்ரூப்பை அவருடைய எஸ்ஸன் தொழிற்சாலையில் எடுத்தார். மேடை கட்டி உட்காரவைத்து, இரு பக்கமும் விளக்கு வைத்து, முன்னால் குனியச் சொன்னார். முகம் ஒரு அரக்கனின் முகமாகிவிட்டது. நியூமன் யூதர், அதை அவர் தெரிந்தேதான் செய்தார். போர்ட்ரெய்ட்டில் அதற்கு இடம் உண்டு, ஏனென்றால் அது எடுப்பவரின் தீர்ப்பு என்பது பார்த்தவுடன் தெரியும். அதே வெளிச்சத்தை ஒரு செய்திப் படத்துக்குள் ரகசியமாக நுழைத்தால் அது மோசடி. துப்புரவுப் பணியாளரைக் கீழிருந்து விளக்கடித்து எடுக்கிறவர்கள் இதை யோசித்துத்தான் எடுக்கிறார்களா என்று தெரியவில்லை.

இனி, நம் ஊரில் தவறாமல் நடக்கும் ஒன்று. போட்டோ எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஒப்பந்த நிறுவனத்தின் சூப்பர்வைசர் புது யூனிஃபார்ம், புதுக் கையுறை, மடிப்புக் கலையாத முகக்கவசம் எல்லாம் கொண்டுவந்து மாட்டிவிடுவார். நேற்றுவரை வெறுங்கையால் பினாயில் நீரில் துணி பிழிந்தவர் இன்று ஆஸ்பத்திரி நர்ஸ் போல நிற்பார். இதை ஆவணப் படமாக எடுத்து ‘பணியில் இருக்கும் பணியாளர்’ என்று போட்டால், அவருக்குக் கையுறை தருகிறார்கள் என்று நாமே சாட்சி சொல்கிறோம். கையுறை மடிப்புக் கோடும், சட்டை முதுகில் நான்காக மடித்த தடமும் படத்தில் தெரியும். கூர்ந்து பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். அன்று ஆவணம் எடுக்காதீர்கள். சொல்லாமல் இன்னொரு நாள் வாருங்கள், அல்லது அந்த மாற்றத்தையே படக்குறிப்பில் எழுதுங்கள். போர்ட்ரெய்ட்டுக்கு என்ன உடுத்துவது என்பதை அந்தப் பணியாளரிடமே கேளுங்கள். புதுப் புடவையில் நிற்க விரும்பினால் அது அவர் தன்னைக் காட்ட விரும்பும் விதம். அதற்கு மரியாதை உண்டு.

பொருள்களை நகர்த்துவதற்கும் இதே அளவுகோல். போர்ட்ரெய்ட் ஃப்ரேமில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உறுத்துகிறதா, எடுத்து வெளியே வைக்கலாம். ஆவணத்தில் நாற்காலியைத் தொடக் கூடாது, நீங்கள் இரண்டடி நகருங்கள். கம்ப்யூட்டரில் அழிப்பது செய்திக்கான இரண்டு முறையிலும் கூடாது. இந்தச் சபலம் பெரியவர்களையும் விடவில்லை: ஸ்ட்ரைக்கரின் பிரிவுக்காக டோரதியா லாங் 1936இல் எடுத்த புலம்பெயர் தாயின் படத்தில், கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரலை 1939இல் நெகட்டிவிலேயே மங்கவைத்தார். ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. விரல் இருந்தாலும் அந்தப் படம் அதே படம்தான். இழப்பு எதுவும் இருந்திருக்காது.

படக்குறிப்பு எழுதுவதில்

இரண்டு முறைகளையும் கலந்து எடுப்பதில் தப்பே இல்லை. பார்க்ஸ் அதைத்தான் செய்தார். கலந்ததைச் சொல்லாமல் விடும்போதுதான் விபரீதம். 2015இல் பெல்ஜியத்தின் ஷார்லுவா நகரைப் பற்றிய ஜியோவன்னி ட்ராய்லோவின் தொடருக்கு, செய்திப் படப் போட்டி நடத்தும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு பரிசு கொடுத்தது. பெரும்பாலும் நிறுத்தி, விளக்கு வைத்து எடுத்த இருண்ட படங்கள். நகரத்தின் மேயர் எதிர்ப்புத் தெரிவித்தார்; நிற்கவைத்து எடுத்ததை நடந்ததுபோலக் காட்டுகிறார் என்ற புகார்களும் எழுந்தன. அமைப்பு முதலில் பரிசு செல்லும் என்றது. பிறகு ஓர் ஓவியரின் படம் ஷார்லுவாவிலேயே எடுக்கவில்லை, பிரஸ்ஸல்ஸின் மோலன்பீக் பகுதியில் எடுத்தது என்று தெரிந்ததும் மார்ச் 4 அன்று பரிசைத் திரும்பப் பெற்றது. போர்ட்ரெய்ட்டுக்கு விளக்கு வைத்ததற்குப் பரிசு போகவில்லை. இடத்தைத் தவறாக எழுதியதற்குப் போனது. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அந்த அமைப்பு நெறிமுறைகளைத் தனியாக எழுதி வைத்தது.

போர்ட்ரெய்ட் குறிப்பில் வினைச்சொல்லே எல்லாவற்றையும் தீர்த்துவிடும். ‘தரையைத் துடைக்கும் பணியாளர்’ என்று எழுதினால் அவர் அப்போது துடைத்துக்கொண்டிருந்தார் என்று பொருள். கேமராவுக்காக நின்றிருந்தால் ‘இரவுப் பணி முடிந்தபின், தான் சுத்தம் செய்யும் மூன்றாம் மாடியில் படத்துக்காக நிற்கிறார்’ என்று எழுதுங்கள். செய்தி நிறுவனங்கள் இதற்கென்றே வழக்கமான வாசகம் வைத்திருக்கின்றன. பத்துச் சொல்தான், இடம் போதவில்லை என்ற சாக்கு நிற்காது. ஆவணக் குறிப்பில் பெயர் (அவர் சம்மதித்தால்), இடம், தேதி, நேரம், என்ன நடக்கிறது என்பவற்றோடு சம்பளம் போன்ற ஒரு உறுதியான தகவல் இருந்தால் படம் பல மடங்கு கனக்கும். வாட்சன் தொடரை எண்பது ஆண்டுக்குப் பிறகும் படிக்கும்படி வைத்திருப்பது அந்த 1,080 டாலர் போன்ற விவரங்கள்தான். அவை பேசிக் கேட்டால் ஒழியக் கிடைக்காது.

குறிப்பைத் தனிக் கோப்பில் எழுதி அனுப்பினால் மூன்றாவது கை மாறும்போது தொலைந்துவிடும். படக் கோப்புக்குள்ளேயே ஐபிடிசி என்னும் விவரப் பகுதியில் (படத்தோடு சேர்ந்தே பயணிக்கும் குறிப்பு) எழுதுங்கள், ‘சிறப்பு அறிவுறுத்தல்’ இடத்தில் ‘நிற்கவைத்து எடுத்த போர்ட்ரெய்ட், செய்திப் படமாகப் பயன்படுத்த வேண்டாம்’ என்று சேருங்கள். வாட்ஸப்பில் அனுப்பும் ஜேபெக்கில் அந்த விவரம் உதிர்ந்துபோகும் என்பதால் மின்னஞ்சல் அல்லது கோப்புப் பகிர்வு வழியே மூலக் கோப்பை அனுப்புங்கள்.

கடைசியாகத் தேர்வு. பார்க்ஸ் லைஃபுக்காக எடுத்த ஹார்லெம் கும்பல் தலைவன் பற்றிய தொடர் 1948 நவம்பர் 1 இதழில் வந்தது. நூற்றுக்கணக்கில் எடுத்ததிலிருந்து ஆசிரியர்கள் 21 படங்களைத் தேர்ந்தார்கள். வன்முறையும் இருட்டும் முன்னுக்கு வந்தன, வீட்டில் இருக்கும் பையன் பின்னுக்குப் போனான். ஒவ்வொரு படமும் உண்மை, மொத்தமாகப் பார்த்தால் சாய்ந்த தராசு. இதைத் தடுக்கப் புகைப்படக்காரரிடம் இருக்கும் ஒரே வழி, அனுப்பும் தொகுப்பைத் தானே இறுக்குவது. நாற்பது படம் அனுப்பினால் ஆசிரியர் தனக்கு வேண்டிய கதையை எடுத்துக்கொள்வார். பத்து அனுப்புங்கள்: ஒரு போர்ட்ரெய்ட், வேலையில் நான்கு, வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ இரண்டு, வீட்டில் மூன்று. ஒரே படத்துக்குத்தான் இடம் என்று அலுவலகத்திலிருந்து அழைத்தால், போர்ட்ரெய்ட்டைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்த நேரத்தில் போனில் யோசிக்காமல், எடுத்த அன்றே அந்தப் பணியாளரிடம் பேசி முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.